மறுபடியும் கேட்பான்

ஏலியாஸ் கையை உயர்த்திவிட்டான். அவன் கை மேலே போனால் யாரும் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்ள வேண்டும், கை இறங்குகிறவரைக்கும் பொம்மை மாதிரி இருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் வழிகாட்டியும் அவன்தான், வண்டியோட்டியும் அவன்தான், ஆகவே அவன் வைத்ததுதான் சட்டம். எஞ்சினையும் அணைத்துவிட்டான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதெல்லாம் நம்மூர்க் கோயில் யானைக்குத்தான் போலிருக்கிறது. இங்கே ஓர் ஓசையும் இல்லை. ஆற்று வளைவில் ஒன்றுமே இல்லாமல் கிடந்த மர நிழலில் இப்போது ஒரு கூட்டம் நிற்கிறது, மணல் நிறத்திலேயே. ஆறு என்று பெயர்தானே தவிர தண்ணீரைக் காணோம். ஹோவானிப் என்கிறார்கள். நமீபியா தேசத்தின் வடமேற்கு மூலை, இரண்டு பக்கமும் மொட்டை மலை, அதற்கப்பால் பாலைவனம். எப்போதாவது மலைப்பக்கம் மழை பெய்தால் சில நாள் வெள்ளம் வருமாம், மற்ற காலமெல்லாம் இந்த மணல்தான் ஆறு. இதிலேயே வண்டியை விட்டு, கரையிலே கூடாரம் போட்டுத் தூங்கி, விடிந்ததும் அதைச் சுருட்டிக்கொண்டு போவதற்குப் பெயர் சுற்றுலா. வண்டிக்குக் கதவில்லை, கண்ணாடியில்லை, தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய். முன்னால் ஏலியாஸ், அவன் பக்கத்தில் என் மகன் குற்றாலநாதன். பின் சீட்டில் நான், உலகம்மாள், தென்காசி. என் பக்கத்தில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறவள் பூங்கோதை, கோயம்புத்தூர், என் மருமகளைப் பெற்றவள். யானையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டவள், கும்பிட்ட கையோடு அப்படியே இருக்கிறாள். அதைக்கூட எனக்கு முந்தியே கும்பிட்டுவிட்டாள்.

முழங்காலை நகர்த்தலாம் என்றால் நகரக்கூடாது. அவள் முழங்கால் சூடாக இருக்கிறது, மெத்தென்றிருக்கிறது, சாம்பல் நிறச் சுடிதார். இந்த வயதில் சுடிதார். இங்கே வந்து இறங்கிய மறுநாள் நாதன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தது. பாலைவனத்தில் புடவை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி இறங்க முடியாது அத்தை, ஒன்று எடுத்துக்கலாமா என்றான், அவள் அதுக்கென்ன கண்ணு எடுத்துக்கலாம் என்று அந்த நிமிஷமே கையை நீட்டிவிட்டாள். என்னிடமும் கேட்டான். ஏம்மா, உனக்கும் ஒண்ணு எடுப்பமா? எனக்கெதுக்குல என்றேன். சரிம்மா என்று அடுத்த கடைக்குப் போய்விட்டான். இப்போது என் புடவைக் கொசுவத்துக்குள் கால்படி மணல் இருக்கிறது, கால் இடுக்கெல்லாம் அரிக்கிறது, சொறிய முடியாது, ஏலியாஸின் கை இன்னும் மேலேயே நிற்கிறது. கிழட்டுப் பெண் யானை ஒன்று முன்னால் வந்து தும்பிக்கையை மேலே தூக்கிக் காற்றை மோந்து பார்க்கிறது. எங்களைத்தான் மோந்து பார்க்கிறது. என் வேர்வையையும் அவளுடைய செக்கு நல்லெண்ணெயையும். இரண்டு வாசனையில் எது யார் வாசனை என்று அதற்குத் தெரிந்திருக்கும், யாருக்கு வயிறு எரிகிறது என்றும் தெரிந்திருக்கும். எரியத்தான் செய்கிறது. அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து நான் என்ன செய்யப்போகிறேன். பொறாமை. அறுபது தாண்டியபின், பேரன் பேத்தி எடுக்கிற நேரத்தில், ஒருத்தியைப் பார்த்து எனக்கு இப்படிப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் வாயிலேயே போட்டிருப்பேன்.

இந்தப் பயணமே நாலு பேருக்கென்று போன வருஷம் பதிவு செய்தது. நாதன், வெண்ணிலா, இரண்டு அம்மாக்கள். அதற்குள் வெண்ணிலா முழுகாமல் இருக்கிறாள் என்று ஆகிவிட்டது, குலுங்குகிற வண்டியில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள், அவள் இதே தேசத்தில் கடற்கரை ஊரில், நாதனும் அவளும் குடியிருக்கிற வீட்டிலேயே இருந்துகொண்டு நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க, எனக்கும் சேத்து யானை பாத்துட்டு வாங்க என்று அனுப்பிவைத்தாள். நல்ல பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம், குறை சொல்ல ஏதாவது இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இங்கிருந்து திரும்பிப் போனதும் ஓர் அம்மா ஊருக்கு விமானம் ஏறுகிறாள், ஓர் அம்மா பிரசவம் வரைக்கும் கூட இருந்து, பிள்ளை தலை நிற்கிறவரைக்கும் பார்த்துவிட்டு வருகிறாள். வீட்டில் மிச்சம் ஒரே ஓர் அறைதான். விமானம் ஏறுகிறவள் நான். இருக்கிறவள் என் முழங்காலை இடித்துக்கொண்டிருக்கிறவள். பிறக்கப்போகிறது என் பிள்ளையின் பிள்ளை, அதன் மூக்கு எங்கள் வீட்டு மூக்காகத்தான் இருக்கும், அதை முதலில் பார்க்கிறவள் இவள். முதல் தண்ணீர் ஊற்றுகிறவள் இவள். இவள் கைச் சூட்டுக்குத்தான் அது பழகும், இவள் பாஷைதான் அதன் காதில் முதலில் விழும், அது வளர்ந்து ஏனுங் என்னுங் என்று பேசும், நான் தென்காசியில் உட்கார்ந்து ஃபோன் திரையில் உள்ளங்கை அளவு முகத்தைப் பார்த்து ங்கா ங்கா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நினைத்தாலே இருமல் வருகிறது. இருமக்கூடாது.

அதுவும் என்னை யாரும் தள்ளிவிட்டு அவளைக் கூப்பிடவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் என்னைத்தான் கேட்டான். அன்றைக்கு நான் அடுப்பில் ரசத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஃபோனை எடுத்தேன். அம்மா, பிரசவத்துக்கு நீ வந்து இருக்கியா, ஆறேழு மாசம்? எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது. அடுப்பை அணைத்தேன். அப்புறம் இந்த வாய் என்ன சொன்னது? எனக்கெதுக்குல, இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு, உங்க அப்பாவ யாரு பாக்கது, தலைப்பிரசவம் பொண்ணு வீட்டாளுக பொறுப்புல்லா, அவுக அம்மாவையே கூப்பிட்டுக்கோ. சரிம்மா என்றான். அவ்வளவுதான். வீட்டுக்காரர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, ஏட்டி, ஆசையா இருந்தா வாரேன்னு சொல்ல வேண்டியதுதான, அவன் மறுபடி கேக்கமாட்டான் என்றார். கேப்பான் என்றேன். அவர் மறுபடி டி.வி. பக்கம் திரும்பிவிட்டார். அந்த மாசம் முழுக்க ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவன் மழை பெய்கிறதா என்று கேட்டான், அப்பாவுக்குச் சர்க்கரை எப்படி என்று கேட்டான், முற்றத்துச் செம்பருத்தி பூத்ததா என்றுகூடக் கேட்டான்.

வேறென்ன சொல்ல முடியும் நான்? கேட்டதும் சரி என்று சொல்ல நாங்கள் என்ன காணாததைக் கண்டவர்களா? ஒரு வீட்டுக்குப் போகிறோம். காப்பி சாப்பிடுதேளா என்கிறார்கள். இப்பதான் குடிச்சிட்டு வந்தேன் என்கிறோம். அட ஒரு வாய் என்கிறார்கள். இல்ல இருக்கட்டும் என்கிறோம். அவர்கள் அடுக்களைக்குப் போய்ப் பாலை வைத்துவிட்டு, நீங்க சும்மா இருங்க என்கிறார்கள், அதன்பிறகு நாம் சரி, அரை டம்ளர் என்கிறோம், முழு டம்ளர் வருகிறது, குடிக்கிறோம். இதிலே என்ன பொய் இருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்த வழிதான். இதே நாதன் சின்னப் பையனாக இருக்கும்போது அடுத்த தெருப் பங்கஜவல்லி வீட்டில் முறுக்குத் தட்டை நீட்டினதும் எடுத்துவிட்டான், அங்கேயே தொடையில் கிள்ளினேன், வீட்டுக்கு வந்து, பரக்காவெட்டி மாதிரி எடுக்கியே, வேண்டாம்னு சொல்லத் தெரியாதால என்று கேட்டேன். ராத்திரி கன்றிப்போயிருந்த இடத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். அதன்பிறகு அவன் எந்த வீட்டிலும் முதலில் எடுத்ததில்லை. அவன் இப்போது இருக்கிற ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம். கோயம்புத்தூரிலும் அப்படித்தானோ என்னவோ. இவளைக் கேட்டானே, அதுக்கென்ன கண்ணு வந்திட்டாப் போச்சு என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாளே. பந்திக்கு முந்து என்று சொன்னவன் இவளைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான்.

கண்ணு. இந்தக் கண்ணுதான் எனக்கு ஆகாது. சாப்டியா கண்ணு, தூங்குனியா கண்ணு, பாத்து ஓட்டு கண்ணு. ஏலியாஸைக்கூட, அவன் என்னமோ இவள் பெற்ற பிள்ளை மாதிரி, தண்ணி குடு கண்ணு என்கிறாள், அவனும் எடுத்துக் கொடுக்கிறான். அந்தப் பக்கத்தில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதற்கு ஒன்றும் பெரிய அர்த்தம் இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்து என்ன செய்ய. நான் என் பிள்ளையைக் கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஏல. ஏல நாதா. அதுக்குள்ளே எல்லாம் அடக்கம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னை நீ என்கிறான், அவளை நீங்க என்கிறான். முதலில் அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு கெத்து, நீ என்று சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதானே. இப்போது அதுவும் குத்துகிறது. நீங்க என்கிறவளிடம் யோசித்து யோசித்துப் பேசுகிறான், நீ என்கிறவளிடம் யோசிக்காமல் பேசிவிட்டுப் போகிறான். நேற்று சாயங்காலம் கூடாரம் போட்டு நெருப்பு மூட்டியதும் அவள் பையிலிருந்து அரிசியும் பருப்பும் எடுத்து, சாமான் வண்டியில் பின்னாலேயே வருகிற சமையல்காரனிடம் சைகையிலேயே பேசி, சட்டியை வாங்கி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிவிட்டாள். நாதன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். விரலை நக்கினான். சமையல்காரன் என்னைப் பார்த்து, நீங்கள் நாளைக்கு ஏதாவது செய்கிறீர்களா என்று கேட்டான். என் பையில் கூட்டாஞ்சோறுக்கு அரைத்து உருட்டிக் காயவைத்த மசால் இருக்கிறது, வடகம் இருக்கிறது, முருங்கைக்கீரையைக்கூட நிழலில் உலர்த்திக் கொண்டுவந்திருக்கிறேன், தென்காசியிலிருந்து விமானம் மாறி விமானம் ஏறி வந்திருக்கிறது அந்தப் பொட்டலம். தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. அந்தப் பாவி மனுஷன் சந்தோஷமாகப் போய்விட்டான். அப்புறம் ஒரே கூடாரத்தில் அவளும் நானும். படுத்ததும் தூங்கிவிடுகிறாள். தூக்கத்தில் லேசாகச் சிரிக்கவும் செய்கிறாள். எதற்கும் கவலையில்லாத ஜென்மம், கேட்டதெல்லாம் கிடைத்தவளுக்கு என்ன கவலை.

ஏதோ நொறுங்குகிறது. மரத்தடியில் சுருண்டு சுருண்டு கிடக்கிற காய்களை, நம்மூர்க் கொடுக்காப்புளி மாதிரி இருக்கிறது, அதைக் குட்டி பொறுக்கித் தின்கிறது. தும்பிக்கை இன்னும் அதற்குச் சரியாகப் பழகவில்லை, ஒரு காயை எடுப்பதற்குள் நாலு காயைத் தவறவிடுகிறது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பெண் யானைகள். எது பெற்றது என்று தெரியவில்லை. காலையில் ஏலியாஸ் சொன்னான், ஒன்று பெற்றதாக இருக்கும், இன்னொன்று பாட்டியோ சித்தியோ, குட்டி போடும்போதும் சுற்றி நிற்குமாம். எந்தப் பாட்டி என்று கேட்க நினைத்தேன். பெற்றவளின் அம்மாவா, ஆணைப் பெற்றவளா? கேட்காமலே தெரிந்தது. ஆண் யானை வளர்ந்ததும் கூட்டத்தைவிட்டுப் போய்விடும் என்று அவனே அடுத்தாற்போல் சொல்லிவிட்டான். சரிதான். இங்கேயும் அதே கதைதான். நாதன் கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டு பார்க்கிறான், பிடரியில் வெயில் பட்டுச் சிவந்திருக்கிறது, காதுக்குப் பின்னால் நாலைந்து நரை. என் பிள்ளைக்கு நரை. அதை நான் பார்த்தது இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்த பிறகுதான். கையை நீட்டி அந்த இடத்தைத் தொடலாம், அவ்வளவு பக்கம். ஊருக்குப் போனால் எப்போது பார்ப்பேன்? இவள் தினமும் பார்ப்பாள், அதன் அருமை தெரியாமலே பார்ப்பாள்.

இடப்பக்கமாக ஒன்று வருகிறது. கூட்டத்தில் இருந்ததில்லை, தனி ஆண், கரையிலிருந்து இறங்கி வருகிறது, ஒரு தந்தம் பாதியில் முறிந்தது. ஏலியாஸின் உயர்ந்த கையில் விரல்கள் மெதுவாக விரிந்தன. அசையாதே என்று அதற்கு அர்த்தம். என் பக்கம்தான் இடப்பக்கம். அது நடந்து வருகிற மாதிரியே தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் பெரிதாக இருக்கிறது. வயிற்றுக்குள் அதற்கு ஏதோ உருளுகிறது, அந்தச் சத்தம் சீட் வழியாக என் முதுகுத் தண்டில் ஏறுகிறது. மண் வாசனை, பச்சைப் பட்டை வாசனை. கண் தெரிகிறது. மயிர் முளைத்த இமை தெரிகிறது. சங்கரன்கோயில் கோமதியம்மா, நான் செத்துப்போனால் வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரையை எந்த டப்பாவில் வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாதே. செத்துப்போனால் எல்லோரும் என்ன சொல்வார்கள், நல்லா வாழ்ந்தவ, பாலைவனம் எல்லாம் பாத்துட்டா, ஒரு குறையும் இல்ல, எதையும் ஆசைப்பட்டவ இல்ல. எதையும் ஆசைப்பட்டவ இல்ல! இவள் அழுதுகொண்டே சொல்வாள், நான்தான் சம்பந்தி வேண்டாம்னாங்கன்னு வந்தனுங், அவிங்களுக்கு ஆசையே கெடையாதுங், தங்கமான மனுசி. நாதனும் ஆமாம் என்று தலையாட்டுவான். ஆமாம் என்று நம்பியே நாற்பது ஐம்பது வருஷம் இருப்பான். ஐயோ, எனக்கு ஆசை இருக்கிறதே. வாய் வரைக்கும் நிரம்பி நிற்கிறதே. அந்தக் குழந்தையின் உள்ளங்காலில் என் மூக்கை வைத்துத் தேய்க்க வேண்டும், அது என் மேல் மூத்திரம் போக வேண்டும், நான் நாறிக்கொண்டு திரிய வேண்டும்.

“ஏல நாதா. பிரசவத்துக்கு நான் இருக்கேன்ல. எனக்கு இருக்கணும்.”

என் குரல்தான். அந்த ஆற்று மணல் முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. யானை நின்றுவிட்டது. காதுகள் இரண்டும் கதவு திறக்கிற மாதிரி விரிந்தன. தலை உயர்ந்தது. ஏலியாஸ் திரும்பவில்லை, அவன் முதுகுச் சட்டையில் வேர்வை ஒரு கோடாக இறங்குவதை நான் பார்த்தேன். நாதனின் கழுத்து விறைத்தது. பூங்கோதை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள், நகம் பதிகிறது. யாரும் பதில் சொல்ல முடியாது, அவன் சரி என்று சொல்ல முடியாது, முடியாதும்மா என்றும் சொல்ல முடியாது, நான் சொன்னது அப்படியே வெயிலில் கிடக்கிறது, எங்கள் எல்லோருக்கும் நடுவில், யானைக்கும் சேர்த்து. பயத்தில் எனக்கு உள்ளாடை நனைந்துவிடும் போலிருந்தது. அதே சமயம், சொல்ல வெட்கமாயிருக்கிறது, உள்ளே ஒரு குளிர்ச்சி. சொல்லிவிட்டேன். யானை மிதித்தாலும் இனி யாரும் ஆசையில்லாதவள் என்று சொல்ல முடியாது. அது ஓர் அடி எடுத்து வைத்தது. தும்பிக்கை நுனி தார்ப்பாயின் ஓரத்தைத் தொட்டு, ஒரு தடவை தடவி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு கீழே போனது. என் புடவைத் தலைப்பில் சூடான மூச்சு அடித்தது. அப்புறம் அதற்கு நாங்கள் சலித்துப்போய்விட்டோம். திரும்பியது. காய் கிடக்கிற பக்கமாகப் போனது. கூட்டமும் ஒவ்வொன்றாக வளைவுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது, குட்டி கடைசிக் காயை விட மனமில்லாமல் நின்று, தள்ளப்பட்டுப் போனது.

ஏலியாஸின் கை இறங்கியது. திரும்பி என்னைப் பார்த்து, இனி ஒரு தடவை இப்படிச் செய்தால் உங்களை இங்கேயே இறக்கிவிடுவேன் அம்மா என்று ஆங்கிலத்தில் சொன்னான். சிரிக்கவில்லை.

“ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” நாதனுக்கு உதடெல்லாம் வெளுத்திருந்தது. “இப்பவா இதச் சொல்லணும்?”

“பெறகு எப்பல சொல்லட்டும்?”

“நான்தான் ஃபோன்லயே கேட்டேம்லா. நீதான வேண்டாம்னு சொன்ன?”

“மொதத் தடவை எல்லாரும் வேண்டாம்னுதாம்ல சொல்லுவாக. வாய் அப்படித்தான் சொல்லும். மனசுல என்ன இருக்குன்னு நீ மறுபடி கேக்கணும்லா? ஒரு தடவை கேட்டுட்டு விட்டுருவியா?”

அவன் என்னையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் போய், ஏதோ ஒன்று இப்போதுதான் விளங்கின மாதிரி இருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் பூங்கோதை என் மணிக்கட்டை விட்டுவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

“அதுக்கென்னுங் சம்பந்தி, உங்களுக்கில்லாத உரிமைங்களா? நீங்களே இருந்து பாருங்க. நான் வேணும்னா ஊருக்குப் போயிடறனுங்.”

அது மரியாதைக்குச் சொல்வது. கோயம்புத்தூரிலும் இது உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குரல் இனிப்பாகத்தான் இருந்தது, கண் மட்டும் என்னைப் பார்க்காமல் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. சேச்சே, நீங்க இல்லாமலா மதினி, பெத்தவளுக்குப் பெறகுதான் நாங்கல்லாம் என்று நான் சொல்ல வேண்டும். அதைத்தான் அவளும் எதிர்பார்த்தாள். எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும்.

“சரி” என்றேன்.

ஏலியாஸ் எஞ்சினைப் போட்டான். பூங்கோதையின் முழங்கால் என் முழங்காலைவிட்டு விலகியது. அவள் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள், மோவாய் நடுங்கிற்று, அதைப் பார்த்து எனக்கு ஒரு சொட்டுகூட இரக்கம் வரவில்லை, வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. நாதன் சீட்டில் முழங்கால் போட்டு முழுசாகப் பின்னால் திரும்பினான். என்னைப் பார்த்து ஏதோ சொல்லப்போகிறான் என்று நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அத்தை” என்றான், மெதுவாக. “வாய்தான் போறேன்னு சொல்லுதா? மனசுல என்ன இருக்கு? மறுபடி கேக்கேன், சொல்லுங்க. உங்களுக்கு இருக்கணும்னு இருக்கா?”

“இருக்கோணும் கண்ணு” என்று சொல்லி அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அப்ப நீங்க இருங்க அத்தை. வெண்ணிலாவும் அதத்தான் கேப்பா. அம்மாவ நான் பேர் வைக்கதுக்குக் கூட்டிக்கிடுதேன். என்னம்மா?”

எதையும் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், டக்கென்று பிடித்துக்கொள்வான். சின்னப் பிள்ளையிலிருந்தே அவன் அப்படித்தான்.